விபிஎன் பச்சை காட்டுகிறது, சர்வர் திறக்கவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகம். கீழே செவ்வாய்ப்பேட்டையில் அவர்களுடைய மொத்த வியாபாரக் கடை. ஆத்தூர் ரோட்டில் அதே குடும்பத்தின் ஜவ்வரிசி ஆலை. கணக்கு, சரக்கு இருப்பு, கூலிப் பட்டுவாடா மூன்றும் கிளவுடில் மூன்று தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்குகளில் இருக்கின்றன. மலையில், கடையில், ஆலையில், வீட்டில் இருந்து வேலை பார்க்கும் இருபது முப்பது பேர் விபிஎன் (இணையத்தின் மேல் போடும் பாதுகாப்பான தனிக் குழாய்) வழியாக அங்கே போகவேண்டும். நான் பார்த்துக்கொள்வது இந்த மாதிரி அமைப்புகளைத்தான். சேலத்தைச் சுற்றி இதே வேலையில் இருப்பவர்களுக்கும், அலுவலகத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்பதற்காக இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எஸ்டேட் ரைட்டர் சனிக்கிழமை காலையில் அழைப்பார். “சார், பச்சை வந்துடுச்சு. ஆனா கூலி பக்கம் திறக்கவே மாட்டேங்குது. ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க.”

விபிஎன் மென்பொருளில் ‘இணைந்தது’ என்ற பச்சை வந்தது என்றால் வாசல் திறந்தது, அவ்வளவுதான். வாசலைத் தாண்டி இன்னும் நான்கு சரியாக இருக்கவேண்டும்: போகும் வழி, திரும்பும் வழி, அனுமதி, பெயர். ‘விபிஎன் வேலை செய்யவில்லை’ என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றுதான். விபிஎன் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுவதில் அரை நாளைக் கழிக்காதீர்கள்.

எண்கள் இல்லாமல் பேசினால் குழம்பும் என்பதால் ஓர் உதாரண அமைப்பை வைத்துக்கொள்வோம். நடுவில் ஹப் (மைய) நெட்வொர்க் 10.20.0.0/16, விபிஎன் வந்து சேரும் வாசலான கேட்வே இதில்தான் இருக்கிறது (/16, /24 என்பவை முகவரித் தொகுதியின் அளவு). கணக்கு 10.21.0.0/16, இருப்பு 10.22.0.0/16, கூலி 10.23.0.0/16. மூன்றும் ஹப்போடு பியரிங் (கிளவுடில் இரண்டு நெட்வொர்க்கை நேரடியாக இணைப்பது) செய்யப்பட்டவை. விபிஎன்-இல் வருபவர்களுக்குக் கிடைக்கும் முகவரிகள் 172.27.50.0/24.

எதையும் தொடுவதற்கு முன் அழைத்தவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இப்போது எந்த இணையத்தில் இருக்கிறீர்கள், ஃபைபரா, ஹாட்ஸ்பாட்டா, லாட்ஜ் வைஃபையா? நேற்று வேலை செய்ததா? பக்கத்தில் இருப்பவருக்கு இப்போது வேலை செய்கிறதா? எல்லாமே திறக்கவில்லையா, ஒன்று மட்டுமா? இந்தப் பதில்களே எந்த அறிகுறிக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிடும்.

அறிகுறி: இணையவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது

ஒரே காலையில் எல்லோருக்கும் நின்றுவிட்டதா? அப்படியானால் சர்டிஃபிகேட் (பயனரை கேட்வேக்கு அடையாளம் காட்டும் மின்கோப்பு) காலாவதியை முதலில் பாருங்கள். பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) நாமே உருவாக்கும் சர்டிஃபிகேட்டுக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் ஓர் ஆண்டுதான் ஆயுள். எல்லோருக்கும் ஒரே நாளில் உருவாக்கியிருப்போம், எல்லாம் ஒரே நாளில் முடியும். அந்தத் தேதியை அன்றைக்கே காலண்டரில் குறித்து வையுங்கள், ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டும்படி.

ஒருவருக்கு மட்டும்தான் என்றால், கம்ப்யூட்டரின் மூலையில் தெரியும் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பழைய மேசைக் கணினியில் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். சர்டிஃபிகேட் ‘இன்னும் செல்லாது’ என்று ஆகிவிடும். மழைக்காலத்தில் மலையில் இது எனக்குப் பலமுறை வந்திருக்கிறது.

தேதி சரி என்றால் அதே லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் இணைந்துவிட்டால் கோளாறு அவர் இருக்கும் இணையத்தில். ஐகேஇ-2, வயர்கார்டு, ஓபன்விபிஎன் மூன்றும் விபிஎன் முறைகள். யுடிபி, டிசிபி என்பவை தரவு அனுப்பும் இரண்டு வகைகள், போர்ட் என்பது அதற்கான எண்ணிட்ட வாசல். ஐகேஇ-2 முறைக்கு யுடிபி 500, 4500 போர்ட்டுகள் வேண்டும். வயர்கார்டு வழக்கமாக யுடிபி 51820-இல் ஓடும். விருந்தினர் வைஃபைகள் பலவும் இவற்றை அடைத்து வைத்திருக்கும். ஓபன்விபிஎன்-ஐ டிசிபி 443-இல் வைத்தால் சாதாரண இணையதளம் போகும் வழியிலேயே போகும், பெரும்பாலும் அடைபடாது. வேகம் கொஞ்சம் குறையும். அதனால் அதை மாற்று வழியாக மட்டும் வைத்திருப்பது என் பழக்கம்.

வயர்கார்டில் ஒரு சிக்கல் உண்டு. சாவி தவறாக இருந்தால் சர்வர் பதிலே சொல்லாது, மறுப்பும் சொல்லாது. எனவே சாவி தப்பா, போர்ட் அடைப்பா என்பது பயனர் பக்கத்திலிருந்து தெரியாது. சர்வரில் பாக்கெட் பிடித்துப் பாருங்கள், அதாவது வந்துபோகும் தரவுத் துண்டுகளைப் பதிவுசெய்து பாருங்கள். பாக்கெட் வருகிறது, பதில் போகவில்லை என்றால் சாவி. பாக்கெட்டே வரவில்லை என்றால் வழி.

கேட்வேயை கிளவுடில் வைக்காமல் ஆலையின் ரூட்டரிலேயே வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நிலையான பொது முகவரி வாங்குங்கள், அல்லது கேட்வேயை கிளவுடுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஆலையில் வேலை செய்கிறது, வீட்டில் மட்டும் பச்சை வந்தும் எதுவும் திறக்கவில்லை

வீட்டு ரூட்டரின் முகவரியும் அலுவலக நெட்வொர்க்கின் முகவரியும் ஒன்றாக இருக்கும். தனியார் நெட்வொர்க்குகளுக்கென 1996-இல் ஒதுக்கப்பட்டவை மூன்றே தொகுதிகள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. வீட்டு ரூட்டர்களில் ஏராளமானவை 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்குகின்றன. ஆலையின் பழைய சர்வரும் 192.168.1.10-இல் இருந்தால், லேப்டாப் அந்த முகவரியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட யாரும் போன் போடுவதில்லையே. அதனால் பாக்கெட் விபிஎன் பக்கம் திரும்பவே திரும்பாது.

அவசரத்துக்கு வீட்டு ரூட்டரின் தொகுதியை மாற்றிக் கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு அது போதும். முப்பது வீட்டுக்கு யார் போய் மாற்றுவது? நிரந்தரத் தீர்வு அலுவலகப் பக்கத்தில்தான் இருக்கிறது: யாரும் வழக்கமாகப் பிடிக்காத ஒரு தொகுதிக்கு சர்வர்களை மாற்றுவது, முடியாவிட்டால் கேட்வேயில் முகவரி மாற்றம் செய்வது. புதிதாக அமைக்கும்போது 192.168.0, 192.168.1, 10.0.0 இவற்றைத் தொடவே தொடாதீர்கள். ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10-ஐயும், டாக்கர் மென்பொருள் 172.17-ஐயும் எடுத்துக்கொள்ளும். அவற்றையும் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஒரு நெட்வொர்க் திறக்கிறது, இன்னொன்று திறக்கவில்லை

பல நெட்வொர்க் அமைப்பின் தலையாய நோய் இதுதான். நிதானமாகப் பார்ப்போம். கணக்கு திறக்கிறது, கூலி திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பிங்கை (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் சோதனையை) நம்புவதை விடுங்கள். விண்டோஸ் சர்வரின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சகஜம். உண்மையில் தேவைப்படும் போர்ட்டையே தட்டிப் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப் என்றால் 3389, கோப்புப் பகிர்வு என்றால் 445. பவர்ஷெல்லின் ‘டெஸ்ட் நெட் கனெக்‌ஷன்’ இதற்குப் போதும்.

அடுத்து, பயனரின் லேப்டாப்பில் ‘ரூட் பிரிண்ட்’ (வழிப் பட்டியலைக் காட்டும் கட்டளை) அடித்து 10.23 என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லேப்டாப்புக்கே வழி தெரியாது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. பியரிங் புதிதாகச் சேர்த்த பிறகு, விண்டோஸ் பயனர்கள் விபிஎன் கிளையன்ட் தொகுப்பை மறுபடி இறக்கி நிறுவவேண்டும். பழைய தொகுப்பில் பழைய வழிகள்தான் எழுதியிருக்கும். ‘நேற்று கூலி நெட்வொர்க் சேர்த்தேன், இன்று யாருக்கும் தெரியவில்லை’ என்றால் இதுதான். வயர்கார்டில் இதே விஷயம் ‘அலவ்டு ஐபி’ வரியில் இருக்கிறது. பயனர் பக்கத்தில் அது எந்த முகவரிகளை இந்தக் குழாயில் அனுப்பலாம் என்று சொல்கிறது, சர்வர் பக்கத்தில் அந்தப் பயனரிடமிருந்து எந்த முகவரியை ஏற்கலாம் என்று சொல்கிறது. இரண்டு பேருக்கு ஒரே முகவரியை எழுதிவிட்டால் கடைசியாக எழுதியவருக்குப் போய்விடும், முதலாமவர் சத்தமில்லாமல் நின்றுபோவார். ஒருவரின் கோப்பை நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் இடங்களில் இதைப் பாருங்கள்.

வழி இருக்கிறது, ஆனாலும் போகவில்லை என்றால் பியரிங்குக்கு வாருங்கள். பியரிங் உறவு தாவாது. என் சம்பந்தியின் சம்பந்தி எனக்குச் சம்பந்தி ஆவதில்லை அல்லவா, அதே கணக்கு. கணக்கு ஹப்போடு சேர்ந்திருக்கிறது, கூலியும் ஹப்போடு சேர்ந்திருக்கிறது. அதனால் கணக்கும் கூலியும் சேர்ந்தவை என்று ஆகாது. கணக்கு சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்து கூலி சர்வருக்குத் தாவப் பார்ப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். ஹப் கேட்வேயிலிருந்து பயனர் இரண்டுக்கும் போகலாம், அதற்கு இரண்டு பக்கமும் அமைப்பு வேண்டும். அஸூரில், ஹப் பக்கப் பியரிங்கில் கேட்வேயைப் பகிர அனுமதி, கூலிப் பக்கப் பியரிங்கில் எதிர்ப்பக்க கேட்வேயைப் பயன்படுத்து என்ற குறி. ஒன்று விட்டுப்போனாலும் பியரிங் ‘கனெக்டட்’ என்றே காட்டும், பயனர் மட்டும் போகமுடியாது. கூலி நெட்வொர்க்கில் யாராவது முன்பே தனி கேட்வே போட்டிருந்தால் இந்தக் குறியை வைக்கவே விடாது. பழையதை அகற்றிவிட்டுத்தான் வைக்கமுடியும். நெட்வொர்க்கில் பிற்பாடு புதிய முகவரித் தொகுதி சேர்த்திருந்தால், பியரிங்கை ஒருமுறை ஒத்திசைக்கவும் வேண்டும்.

அமேசான் கிளவுடின் கிளையன்ட் விபிஎன் என்றால் பார்க்கவேண்டியவை வேறு. அங்கே ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு ரூட், ஓர் அனுமதி விதி, இரண்டும் தனித்தனியாகச் சேர்க்கவேண்டும். ரூட் மட்டும் சேர்த்துவிட்டு அனுமதி விதியை மறப்பது அடிக்கடி நடக்கிறது. அங்கே பயனரின் முகவரி சர்வர் வரை போகாது, கேட்வே இணைந்திருக்கும் சப்நெட்டின் (நெட்வொர்க்கின் உட்பிரிவின்) முகவரியாக மாறித்தான் போகும். ஆகவே சர்வரின் செக்யூரிட்டி குரூப்பில் (கிளவுடின் அனுமதி விதிப் பட்டியலில்) அந்த சப்நெட்டை அனுமதியுங்கள், பயனர் தொகுதியை அனுமதித்துப் பயனில்லை.

இனி திரும்பும் வழி. எனக்கு ஓர் இரவு முழுக்கப் போனது இதனால்தான். கூலி நெட்வொர்க் மட்டும் திறக்கவில்லை. ரூட் இருந்தது, பியரிங் சரி, அனுமதி சரி. கேட்வேயில் ஒவ்வொரு அமைப்பையும் இரண்டு முறை பார்த்தேன். விடியற்காலையில்தான் கூலி சர்வரிலேயே பாக்கெட் பிடித்துப் பார்க்கத் தோன்றியது. ரைட்டரின் கோரிக்கை சர்வர் வரை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சர்வர் பதிலும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பதில் 172.27.50-க்குப் போகாமல் வேறெங்கோ போனது. அந்த சப்நெட்டுக்கென ஒரு ரூட் டேபிள் (வழிப் பட்டியல்) போட்டு, எல்லாவற்றையும் ஃபயர்வாலுக்கு அனுப்பச் சொல்லியிருந்தோம். கேட்வே தனக்குத் தெரிந்த வழிகளை சப்நெட்டுக்குச் சொல்வதையும் அதில் நிறுத்தி வைத்திருந்தோம். விபிஎன் பயனர்கள் இருக்கும் திசையே அந்த சப்நெட்டுக்குத் தெரியவில்லை.

ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக ஏறலாம், குப்பனூர் வழியாகவும் இறங்கலாம். அடிவாரத்துச் செக்போஸ்டில் பெயர் எழுதி ஏறிய வண்டி குப்பனூரில் இறங்கினால், அங்கிருப்பவரின் நோட்டில் அந்த வண்டியே இருக்காது. ஃபயர்வாலும் அப்படித்தான். போகும்போது பார்க்காத இணைப்பின் பதில் மட்டும் தன்னிடம் வந்தால் தூக்கிப் போட்டுவிடும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே ஃபயர்வால் வழியாக இருக்கட்டும், அல்லது இரண்டுமே அதைத் தொடாமல் இருக்கட்டும். அந்த இரவுக்குப் பிறகு கோரிக்கை போய்ச் சேரவேண்டிய சர்வரில்தான் நான் முதலில் பாக்கெட் பிடிக்கிறேன். கோரிக்கை வந்ததா, பதில் போனதா என்ற இரண்டே கேள்வியில் பாதித் தேடல் முடிந்துவிடும்.

அறிகுறி: எண் முகவரி போட்டால் திறக்கிறது, பெயர் போட்டால் இல்லை

இது டிஎன்எஸ், பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை. அஸூரில் நெட்வொர்க்குக்குள் பெயர் சொல்லும் முகவரி 168.63.129.16. அது நெட்வொர்க்குக்குள் இருக்கும் இயந்திரங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும், விபிஎன்-இல் வரும் லேப்டாப் நேரடியாகக் கேட்கமுடியாது. ஹப்புக்குள், கேள்வியை வாங்கி அங்கே கேட்டுச் சொல்லும் ஒரு டிஎன்எஸ் ஃபார்வர்டரோ பிரைவேட் ரிசால்வரோ வைத்து, அதன் முகவரியை நெட்வொர்க்கின் டிஎன்எஸ் சர்வராக எழுதி, கிளையன்ட் தொகுப்பை மறுபடி கொடுங்கள். உள் பெயர்களின் பட்டியலான தனிப் பெயர் மண்டலத்தை அந்த ஃபார்வர்டர் இருக்கும் ஹப் நெட்வொர்க்கோடும் இணைத்திருக்கவேண்டும். கூலி நெட்வொர்க்கோடு மட்டும் இணைத்துவிட்டு ஹப்பை மறந்தால் ஃபார்வர்டருக்கே பதில் தெரியாது.

பெயருக்குப் பதில் வருகிறது, ஆனால் அது பொது முகவரியாக இருக்கிறது என்றாலும் நோய் இதேதான். சேமிப்பகத்துக்குத் தனி முகவரி கொடுத்து வெளி வாசலை மூடியிருப்பீர்கள். லேப்டாப் வெளி டிஎன்எஸ்-ஐக் கேட்டு மூடிய வாசலுக்கே போய் நிற்கும்.

சோதிக்கும்போது ஒன்று கவனியுங்கள். ‘என்எஸ்லுக்அப்’ விண்டோஸில் சில பெயர்களுக்கு மட்டும் வேறு சர்வரைக் கேள் என்று வைத்திருக்கும் விதிகளைப் பார்க்காது. பவர்ஷெல்லின் ‘ரிசால்வ் டிஎன்எஸ் நேம்’ பார்க்கும். இரண்டும் வேறு பதில் சொன்னால் இரண்டாவதை நம்புங்கள். பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை என்றால், அதில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: லாகின் திரை வருகிறது, அப்புறம் உறைந்துவிடுகிறது

சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை. கடவுச்சொல் கேட்கும் வரை நன்றாக இருக்கும், ரிப்போர்ட் எடுத்தால் நிற்கும். இது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு பொருந்தாத கோளாறு.

துண்டாக்காதே என்ற குறியோடு அளவு 1472 வைத்து, வெளியில் பிங்குக்குப் பதில் சொல்லும் ஏதாவது ஒரு முகவரிக்குப் பிங் செய்யுங்கள். தலைப்புக்கு 28 சேர்த்தால் 1500. போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ ஃபைபரில் 8 பைட் குறைந்து 1492 ஆகும். வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. ஐபிவி4 மேல் அதன் கூடுதல் சுமை 60 பைட், மொத்தம் 1480, இடம் போதும். ஐபிவி6 மேல் சுமை 80, மொத்தம் 1500, 1492-க்குள் நுழையாது. அதனால்தான் ஒரே கோப்பு ஒரு வீட்டில் ஓடுகிறது, இன்னொரு வீட்டில் உறைகிறது. 1412-க்குக் குறையுங்கள். மொபைல் இணையத்தையும் நினைத்து நான் எல்லோருக்கும் 1380 வைத்துவிடுகிறேன்.

அறிகுறி: சும்மா விட்டால் அறுந்துவிடுகிறது

வழியில் உள்ள ரூட்டர் பேச்சில்லாத யுடிபி இணைப்பை மறந்துவிடுகிறது. வயர்கார்டில் பயனர் பக்கம் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 வினாடி வையுங்கள். போதும். ஏற்காட்டில் ஃபைபரிலிருந்து மொபைலுக்கு மாறும்போது அறுந்தால், மோபைக் வசதி உள்ள ஐகேஇ-2 அல்லது வயர்கார்டுக்கு மாறுங்கள். முகவரி மாறினாலும் இவை இணைப்பை விடுவதில்லை.

அறிகுறி: திறக்கக்கூடாதது திறக்கிறது

இதற்கு யாரும் போன் செய்யமாட்டார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

சனிக்கிழமை ஆட்கள் வாசலில் நிற்கும்போது, ‘எல்லா இடத்திலிருந்தும் எல்லாவற்றுக்கும் அனுமதி’ என்று ஒரு விதியைப் போட்டுவிடத் தோன்றும். வேலை நடக்கும், எல்லோரும் நன்றி சொல்வார்கள். அந்த விதி அங்கேயே இருக்கும். நானும் ஒருமுறை போட்டேன். மூன்று மாதம் கழித்து வேறொன்றைத் தேடும்போது அதைப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டது. அந்த மூன்று மாதமும் கடையில் பில் போடும் பையனின் கம்ப்யூட்டரிலிருந்து, நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கும் சர்வருக்கு வழி திறந்திருந்தது. அவர் எதுவும் செய்யவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு வைரஸ் வந்திருந்தால் அது செய்திருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐ இணையத்துக்கே திறந்துவிடும் ‘தற்காலிக’ வைத்தியம் இதைவிடக் கொடியது. கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டுபவர்கள் அந்தப் போர்ட்டை இரவு பகலாகத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால் மாதம் ஒருமுறை எதிர்த்திசையில் சோதியுங்கள். பில் போடுபவரின் கணக்கில் இணைந்து கூலி சர்வரின் போர்ட்டைத் தட்டுங்கள். திறக்காமல் இருந்தால்தான் சோதனை வெற்றி. வயர்கார்டில் ஆளுக்கு ஒரு /32 (ஒரே ஒரு) முகவரி, அந்த முகவரிக்கு ஃபயர்வாலில் அவர் வேலைக்குத் தேவையான சர்வர், தேவையான போர்ட், அவ்வளவே. அமேசானில் அனுமதி விதியைப் பயனர் குழுவுக்கு ஏற்ப எழுதலாம். அஸூரில் செக்யூரிட்டி குரூப்பின் ‘விர்ச்சுவல் நெட்வொர்க்’ என்ற அடையாளம் தன் நெட்வொர்க்கை மட்டும் குறிப்பதில்லை, பியரிங் செய்த நெட்வொர்க்குகளையும் சேர்த்தே குறிக்கிறது. இயல்பான விதி அதையெல்லாம் அனுமதித்துவிடும். கூலி சப்நெட்டில் அதற்கு மேலே ஒரு மறுப்பு விதியும், அதற்கும் மேலே குறிப்பான அனுமதியும் எழுதுங்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய மின்னஞ்சலை மூடுகிறோம், விபிஎன்-ஐ மறக்கிறோம். சர்டிஃபிகேட் அவருடைய பழைய லேப்டாப்பில் உயிரோடு இருக்கும். அஸூரில் அந்த சர்டிஃபிகேட்டின் கைரேகை எண்ணை (தம்ப்பிரிண்ட் என்ற அடையாள எண்ணை) ரத்துப் பட்டியலில் சேர்க்கவேண்டும், வயர்கார்டில் அவருடைய பொதுச் சாவியை சர்வரிலிருந்து எடுத்துவிடவேண்டும். ஒரே சர்டிஃபிகேட்டைப் பத்துப் பேருக்குக் கொடுத்திருந்தால் ஒருவரை நிறுத்தப் பத்துப் பேரையும் நிறுத்தவேண்டிவரும். ஆகவே தொடக்கத்திலேயே ஆளுக்கு ஒன்று உருவாக்கி, எது யாருடையது என்று ஒரு நோட்டில் எழுதி, சம்பளப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். கணக்கு முடிக்கும் அன்றே அந்த வரியையும் அடிக்கமுடியும்.